எந்த மலைக்குப் போவது? வாசகர் கேள்வி – பதில்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் வரும் கடிதங்களில் பாதி, "எங்கே போகலாம்?" என்று கேட்பவை. மற்றப் பாதி, மலையகத்தில் அறை வைத்திருப்பவர்கள் "ஏன் எங்களிடம் வருகிறார்கள் இல்லை?" என்று எழுதுபவை. இம்முறை இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

ஓகஸ்ட் விடுமுறையில் எங்களுக்கு மூன்று நாள் கிடைக்கிறது. வேனில் எட்டுப் பேர். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கணவர் நுவரெலியா என்று நிற்கிறார். தங்கச்சி வீட்டார் எல்ல என்கிறார்கள். எது நல்லது?
*– வாசகி, வெள்ளவத்தை*

பண்டாரவளையில் தங்குங்கள். இரண்டு கட்சியையும் சமாளிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். கொழும்பிலிருந்து மலைக்கு ஏற ஐந்து, ஆறு மணி நேரம், இறங்க அதே அளவு. மூன்று நாள் என்றால் கையில் மிஞ்சுவது நடுவில் ஒரு முழு நாளும், முன்னும் பின்னும் அரை அரை நாளும்தான். அதில் ஊர் ஊராக அறை மாற்றினால் பெட்டி கட்டுவதிலேயே நேரம் போய்விடும். ஓரிடத்தில் தங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணித்தான் ஊரைத் தெரிவு செய்யவேண்டும். பண்டாரவளையிலிருந்து எல்லவும் அப்புத்தளையும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், ஆளுக்கொரு பக்கமாக இருக்கின்றன.

இரண்டாவது, மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். ஈரத்தோடு வரும் அந்தக் காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கச் சரிவுகளில் மேலேறி, அங்கேயே மழையைக் கொட்டிவிடும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டருக்கும் மேல். மலைமுகட்டைத் தாண்டி, பண்டாரவளையும் பதுளையும் இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வரண்டுபோய்க் கச்சான் காற்றாகிவிடும். ஆகவே நுவரெலியாவில் குடையும் தூறலுமாக இருக்கும் அதே ஓகஸ்ட் பகலில் பண்டாரவளையில் வெயில் அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான இந்த வரண்ட காற்றுத்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கதை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்றில் பதுளைப் பக்கம் நனையும். நுவரெலியா, தலவாக்கலை பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தெளிவாக இருக்கும். கொழும்பில் பலர் மாதம் பார்க்காமல் ஊரை முடிவு செய்துவிட்டு, பிறகு அறைக்காரரைக் குறை சொல்கிறார்கள்.

மூன்றாவது, குளிர். உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 0.6 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீட்டர், பண்டாரவளை சுமார் 1,225 மீட்டர். இந்த நான்கு பாகை வித்தியாசம் பிள்ளைகளுக்கு விளையாட்டு, முழங்கால் வலிக்காரருக்கு இரவெல்லாம் வேதனை.

கணவரின் ஆசைக்கு வழி இருக்கிறது. வெலிமடை வழியாக நுவரெலியா சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் நகரம் வரை போகத் தேவையில்லை. ஹக்கல பூங்காவும் சீதாஎலிய அம்மன் கோயிலும் அதே வீதியில், நகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அம்மாவுக்கு அந்த ஒரு பகலே போதும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கிட்டப் பார்க்க இறக்கத்தில் நடந்து, திரும்ப ஏறவேண்டும். அம்மாவை இறக்காதீர்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் வேனில் இருந்தால், திட்டம் அவருடைய காலுக்குத்தான் அடங்கவேண்டும்.

போகும்போது இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழி சரி. விடிய ஐந்து மணிக்கு முன் புறப்பட்டால் இரத்தினபுரியில் காலைச் சாப்பாடு. ரோல்ஸ், வடை வேண்டாம். ஹல்துமுல்லைக்குப் பிறகு வளைவு கூடும், எண்ணெய்ப் பண்டம் அங்கேதான் வெளியே வரும். வாந்தி வரும் பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பதானால் வேன் ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்கவேண்டும். குமட்டத் தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. எந்த மாத்திரை, எத்தனை என்பதை வயதைச் சொல்லி மருந்தகத்தில் கேளுங்கள். பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கிவிடுங்கள்.

பண்டாரவளைக்குக் கிட்ட எங்கள் பழைய வீட்டில் நான்கு அறைகளைத் திருத்தி வாடகைக்கு விட்டிருக்கிறோம். தேயிலை மலை தெரியும் நல்ல இடம். கொழும்பிலிருந்து வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், படம் அனுப்புகிறோம், பிறகு சத்தமே இல்லை. என்ன குறை?
*– வாசகர், பண்டாரவளை*

நீங்கள் அனுப்பியது மலையின் படமாக இருக்கும். மலை எல்லாரிடமும் இருக்கிறது. கொழும்பிலிருந்து கேட்பவர் ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்கு அதே செய்தியை அனுப்பியிருப்பார். அவர் வீட்டில் அம்மா, மனைவி, மச்சான் என்று ஆளுக்கொரு சந்தேகம். எந்த வீட்டுக்காரரின் பதில் அந்தச் சந்தேகங்களை முதலில் தீர்க்கிறதோ, அங்கே காசு போடுவார்.

வழக்கமான சந்தேகங்கள் இவை. வேன் வாசல்வரை வருமா? எத்தனை படி? சுடுதண்ணி உண்டா, எந்த நேரமும் வருமா? கொமட் இருக்கிறதா? சாரதி எங்கே படுப்பார்? சாப்பாடு அங்கேயா, வெளியேயா? சமைக்க விடுவீர்களா? மொத்தம் எவ்வளவு?

சாரதி விடயம் சின்னதாகத் தெரியும். ஆனால் வேன் பிடித்து வரும் குடும்பங்கள் அதை வைத்தே இடத்தைத் தள்ளிவிடுகின்றன. சாரதி இரவில் வேனுக்குள் சுருண்டு படுத்தால், அடுத்த நாள் இறக்கத்தில் எட்டுப் பேரின் உயிர் அவருடைய தூக்கக் கண்ணில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு கம்பளி, ஒரு கழிவறை. தனிக் காசு வாங்காமல் கொடுங்கள்.

பதிலை இப்படி எழுதிப் பாருங்கள்: "வேன் வாசல்வரை வரும். கடைசி 400 மீட்டர் கொங்கிரீட் பாதை, ஏற்றம். பதிந்த கார் மெதுவாக வரலாம். வாசலிலிருந்து அறைக்கு ஆறு படி, ஒரு பக்கம் கைபிடி உண்டு. கீழ் அறை இரண்டில் கொமட். சுடுதண்ணி மின்சாரத்தில், கரண்ட் போனால் அடுப்பில் சுடவைத்து வாளியில் தருவோம். எட்டுப் பேருக்கு இரண்டு இரவு, காலைச் சாப்பாட்டோடு மொத்தம் இவ்வளவு. சாரதிக்கு அறை இலவசம்." கரண்ட் போகும் என்று நீங்களே சொல்லிவிடுவதால் ஆள் ஓடமாட்டார். மற்ற வரிகளையும் நம்புவார்.

படத்துக்குப் பதில் வீடியோ அனுப்புங்கள். பிரதான வீதியில் தொடங்கி, பாதை, வாசல், படி, அறை, குளியலறை வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். குளியலறையில் குழாயைத் திறந்து காட்டுங்கள். விலையை ஆளுக்கா, அறைக்கா, முழு வீட்டுக்கா என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். வந்தபின் "விறகுக்குத் தனி, ஹீட்டருக்குத் தனி" என்று கூட்டினால் அந்தக் குடும்பம் திரும்ப வராது, வெள்ளவத்தையில் அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவரும் வரமாட்டார்.

கேஸ் கீசர் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்கவேண்டும். குளிருக்காக யன்னலைப் பூட்டிக் குளிக்கும் மலையகத்தில், உள்ளே எரியும் கேஸிலிருந்து காபன் மொனொக்சைட்டு தேங்கினால் மணமும் தெரியாது, நிறமும் தெரியாது. ஆள் மயங்கி விழுவார்.

அடுத்தது நாற்றம். ஒரு கிழமை பூட்டிக் கிடந்த அறையில் தலையணையை முகர்ந்து பாருங்கள். உங்களுக்குப் பழகிப்போன அந்தப் பூஞ்சண மணம் கொழும்பாருக்கு முதல் மூச்சிலேயே படும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை யன்னல்களைத் திறந்துவையுங்கள். மூன்று மணிக்கு மூடுபனி இறங்குமுன் பூட்டுங்கள். பின்னேரம் திறந்தால் ஈரம் உள்ளே வரும், போகாது. கம்பளியும் தலையணையும் வெயிலில் காய்ந்தபின், சூடு ஆறவிட்டு மடியுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்; ஒட்டியிருந்தால் மெத்தையின் அந்த விளிம்பில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.

பதிவுத் தளங்கள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொமிஷன் பெரும்பாலும் 15 வீத அளவில் போகும். வெளிநாட்டாருக்கு அது தேவை. கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் வருகின்றன. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்துகொண்டால் இரு தரப்பாரும் நம்புவார்கள்.

எல்லவுக்குக் கூட்டம் போவது டிக்டொக் பார்த்துத்தானே?
*– வாசகர், கொட்டாஞ்சேனை*

ஆசையைக் கிளப்புவது அதுதான். ஆனால் திட்டம் முறியும் இடம் வேறு: லீவு, வேன் கூலி, "அங்கே மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா?" என்ற அம்மாவின் கேள்வி. இளவட்டங்கள் நால்வர் போனால் வீடியோ தீர்மானிக்கும். குடும்பம் போனால் அம்மாவின் கேள்வி தீர்மானிக்கும்.

ரயிலில் போவதா, வேனிலா? ரயில் ஓடுகிறதா என்றே குழப்பமாக இருக்கிறது.
*– வாசகி, தெஹிவளை*

நான்கு பேருக்குள் என்றால் ரயில், ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் வேன். இடையில் ஐந்து பேர் என்றால் பொதிகளை எண்ணிப் பாருங்கள்.

பதுளைப் பாதை 1924இல் முழுமையானது. வளைவும் ஏற்றமும் கூடியதால் கொழும்பிலிருந்து ஒரு பகல் பிடிக்கும். போகும் வழியே உல்லாசம் என்று நினைப்பவருக்கு அது லாபம், இடத்துக்குச் சீக்கிரம் சேர நினைப்பவருக்கு நட்டம். ஆசன முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். நீண்ட வார இறுதி என்றால் திறந்த அன்றே முடிந்துவிடுகிறது. முன்பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பில் பெரியவர்களோடு ஏறாதீர்கள், நின்றே போக நேரலாம். நுவரெலியா நகரத்தில் நிலையம் இல்லை. நானுஓயாவில் இறங்கி வாகனம் பிடிக்கவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. ஆகவே அறைக்குக் காசு கட்டுமுன், நீங்கள் போகும் திகதியில் எந்த நிலையத்திலிருந்து எதுவரை ஓடுகிறது என்று நிலையத்திலோ 1919 அரச தகவல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். முகநூலில் பழைய வீடியோக்கள் இன்னமும் சுற்றுகின்றன.

மண்சரிவுப் பயத்தில் இந்த வருடம் மலையகமே வேண்டாம் என்கிறார் மாமியார். சரியா?
*– வாசகி, வத்தளை*

பயம் சரி. முழு மலையகத்தையும் முழு வருடத்துக்கும் தள்ளிவைப்பது தேவையற்றது. மண்சரிவு ஒரு சரிவில், ஒரு மழையில் நடக்கும் விடயம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மூன்று கட்டமாக எச்சரிக்கை விடும்: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. மழைக் கணக்கும் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் இருக்கும் இடத்தை விட்டு எழும்பவேண்டும். நீங்கள் தங்கும் ஊரின் பிரதேச செயலகப் பிரிவு எது என்று அறைக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் செய்தியில் வாசித்தாலும் உங்களுக்குப் புரியாது. செம்மஞ்சள் வந்தால் பயணத்தைத் தள்ளுங்கள். அங்கே இருக்கும்போது வந்தால், வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். இரவில் சரிவு தெரியாது, அடைபட்ட வீதியில் திரும்பவும் முடியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தங்குமிடத்தை இப்படிப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் சுவர் இருக்கிறதா? நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோதல், தண்ணீர் சேறாகக் கலங்குதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவைக் கழிக்காதீர்கள்.

இதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்: நீங்கள் திகதியை மாற்றலாம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதையுண்ட தோட்ட லயத்துக்காரருக்கு மாற்ற வேறு வீடு இருக்கவில்லை.

என்னுடையது ஒட்டோ கியர் கார். மலை இறக்கத்துக்குப் பயந்து ஒவ்வொரு முறையும் காலிக்கே போகிறோம். இம்முறை துணியலாமா?
*– வாசகர், கொலன்னாவை*

துணியலாம். வீதிப் பயத்தால் கரையோரம் போகும் குடும்பங்கள் நிறைய. உங்கள் பயத்துக்கு மருந்து கியர் கம்பில் இருக்கிறது.

இறக்கத்தில் Dஇல் விட்டால் கார் தன்பாட்டில் ஓடும். நீங்கள் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பீர்கள். பிரேக் தகடு சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, குழாயில் குமிழி உண்டாகும். பிறகு பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே L, S, B, 2 என்ற தாழ்ந்த கியர் நிலைகளில் உங்கள் காரில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். எஞ்சின் இரையும், இரையட்டும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள், தொட்டபடியே வராதீர்கள். நியூட்ரல் கூடவே கூடாது.

எரிந்த மணம் வந்தால் ஓரமான சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, இருபது முப்பது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான தகடு கோணிப்போகும். இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத பிரேக் எண்ணெயோடு மலைக்கு வராதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சீக்கிரம் கொதிக்கும். ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மூடுபனியில் பெரிய லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லைட்டைத் தாழ்த்துங்கள்.

"கொழும்புவாசிகள் சுற்றுலாத் தலத்தைத் தெரிவு செய்வதில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்" என்ற தலைப்பில் ஆய்வு செய்கிறேன். 25 கூற்றுகள், 5 புள்ளி அளவுகோல். நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் 384 பேரிடம் எடுக்க உத்தேசம். ஆலோசனை தேவை.
*– மாணவி, பேராதனை*

இடத்தை மாற்றுங்கள். வாவிக்கரையில் நிற்பவர் நுவரெலியாவைத் தெரிவு செய்து முடித்தவர். மழைக்குப் பயந்து வராதவரும், காசு போதாமல் வீட்டில் இருந்தவரும், காலிக்குப் போனவரும் உங்கள் கையில் அகப்படமாட்டார்கள். காரணி தெரிய அவர்களும் வேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை வீடுகளில் எடுங்கள். 384 என்பது கிரெஜ்சி, மோர்கன் 1970இல் தந்த அட்டவணையில் பெரிய குடித்தொகைக்கு உரிய எண். எழுமாற்று மாதிரிக்குத்தான், அதாவது குலுக்கல்போல் ஆளைத் தெரிவு செய்யும் முறைக்குத்தான், அது பொருந்தும். அகப்பட்டவரை எல்லாம் பிடித்து 384 ஆக்கினால் எண் மட்டுமே சரியாக இருக்கும்.

"இயற்கை அழகு முக்கியமா?" என்று கேட்டால் எல்லாரும் 4 அல்லது 5 போடுவார்கள். பகுப்பாய்வில் ஒன்றும் பிரியாது. கடைசியாகப் போன பயணத்தைக் கேளுங்கள்: எந்த ஊர், எத்தனை நாள், முதலில் சொன்னது யார், வேண்டாம் என்றது யார், வேறு எந்த ஊரைப் பேசிக் கைவிட்டீர்கள், ஏன்? கைவிட்ட ஊர் பற்றிய விடையில்தான் சரக்கு இருக்கும்.

கோட்பாட்டுக்கு, கிரஹாம் டான் 1977இல் பிரித்த தள்ளும் காரணி (வீட்டை விட்டுக் கிளம்பத் தூண்டுவது), இழுக்கும் காரணி (ஊர் நம்மை ஈர்ப்பது) நல்ல தொடக்கம். அதோடு நிற்காமல் 1987இல் க்ராஃபர்ட், கொட்பே இருவரும் சொன்ன தடைகளையும் சேருங்கள்: மனத்தடை, கூட வருபவரால் வரும் தடை, நேரம் பணம் போன்ற புறத்தடை. நம் குடும்பங்களில் இரண்டாவது மிகப் பலமானது. வினாக்கொத்தை முப்பது பேரிடம் முன்னோட்டம் பார்த்து, எல்லாரும் ஒரே விடை சொல்லும் கூற்றுகளை வெட்டிவிடுங்கள்.

சனி, ஞாயிறு தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போனால் மெஷின் ஓடுவதில்லை என்கிறார்களே?
*– வாசகர், நீர்கொழும்பு*

இன்று பறித்த கொழுந்து இரவெல்லாம் வாட்டப்பட்டு நாளைதான் அரைபடும். ஞாயிறு பறிப்பு இல்லாத தோட்டத்தில் திங்கள் மெஷின் ஓடாது. சனி காலை போனால் வெள்ளிக் கொழுந்து ஓடும். போயாவுக்கு அடுத்த நாளும் கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து பறிப்பவரைப் படம் பிடிப்பதானால் முதலில் கேளுங்கள். அவர் கிலோக் கணக்குக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா. விலை தாங்குமா?
*– வாசகர், மட்டக்குளி*

புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அறை விலை பல மடங்காகும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. குதிரைப் பந்தயமும் மகாகஸ்தோட்டைக் கார் ஓட்டமும் பார்க்கவேண்டும் என்றால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். குளிரும் பூவும் போதும் என்றால் மார்ச் கடைசி வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு இடி மழை வரக்கூடிய காலம், சுற்றுவதைக் காலையில் முடித்துவிடுங்கள்.